கணத்தைப் பிடித்து வைத்தல்

மாறிக்கொண்டே இருக்கும் ஒன்றை அறிய வேண்டுமானால் அதை ஒரு கணமேனும் நிறுத்திப் பார்க்க வேண்டும். தறியில் அமர்ந்த நெசவாளரும் இதைச் செய்கிறார். மின்னணு இசைக்கருவியை உருவாக்குபவரும் இதைச் செய்கிறார். ஆனால், பிடித்து வைத்தது எத்தனை காலம் நிலைக்கும்? அது நிலைக்க என்ன செய்ய வேண்டும்? ஒரு சிறு மின்சுற்றை முன்வைத்து இவ்வினாக்களை ஆராய்கிறது இக்கட்டுரை.

தறி காட்டும் வழி

திருவண்ணாமலை மாவட்டத்தின் வந்தவாசி என்றதும் வரலாறு படித்தவர்க்கு 1760ஆம் ஆண்டின் போர் நினைவுக்கு வரும். மற்றவர்க்குக் கோரைப்பாய் நினைவுக்கு வரும். அங்கிருந்து மேற்கே ஆரணிப் பக்கம் சென்றால் பாய்க்குப் பதிலாகப் பட்டு. கோரையாயினும் பட்டாயினும் அடிப்படை ஒன்றே. நீளவாக்கில் பாவு, குறுக்கே ஊடை. பாவின் இழைகளுள் சில மேலே எழ வேண்டும். சில கீழே கிடக்க வேண்டும். இடையே ஊடை செல்ல வேண்டும்.

பட்டுத்தறியில் கரையும் முந்தானையும் நெய்யும்போது எந்த இழை எழ வேண்டும் என்பதைத் தறிக்கு மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டி முடிவு செய்கிறது. பிரான்சின் ஜோசப் மேரி ஜக்கார்டு 1804ஆம் ஆண்டளவில் முழுமைப்படுத்திய அமைப்பு அது. நெசவாளர் மிதியை அழுத்துகிறார். துளையிட்ட அட்டை ஒன்று ஊசிகளுக்கு எதிரே வந்து நிற்கிறது. துளை உள்ள இடத்தில் ஊசி நுழைகிறது. அதற்குரிய கொக்கி உயர, பாவிழை மேலெழுகிறது. துளை இல்லாத இடத்தில் ஊசி பின்தள்ளப்படுகிறது. இழை கீழேயே கிடக்கிறது. இரண்டுக்கும் நடுவே திறக்கும் வழியில் நாடா பாய்கிறது. நாடா மறுகரை சேரும்வரை மிதியிலிருந்து கால் எடுபடுவதில்லை. எடுத்தால் இழைகள் இறங்கிவிடும், வழி அடைபடும், இழை அறும்.

இங்கே இரண்டு செயல்கள் நிகழ்கின்றன. அட்டையில் உள்ளதை ஒரு கணத்தில் படித்துக்கொள்வது முதற்செயல். படித்ததை நாடா கடந்து முடியும்வரை அப்படியே தாங்கி நிற்பது இரண்டாவது செயல். முதற்செயல் விரைவாக நடக்க வேண்டும். இரண்டாவது செயல் உறுதியாக நடக்க வேண்டும். இவ்விரண்டையும் மின்சாரத்தைக்கொண்டு செய்வதே ‘சாம்பிள் அண்டு ஹோல்டு’ எனப்படும் சுற்று. தமிழில் அதைப் ‘பிடித்து வைக்கும் சுற்று’ எனலாம்.

மின்னழுத்தமாகும் சுரம்

வீணையின் நரம்பை மெட்டின்மேல் அழுத்தினால் சுரம் மாறுகிறது. நரம்பின் நீளம் அதிர்வெண்ணைத் தீர்மானிக்கிறது. மின்னணு இசைக்கருவியில் நரம்பு இல்லை. அலையியற்றி என்னும் சுற்று உள்ளது. அதன் அதிர்வெண்ணை எதைக்கொண்டு மாற்றுவது? அமெரிக்கப் பொறியாளர் ராபர்ட் மூக் 1964ஆம் ஆண்டு உருவாக்கிய சின்தசைசர் இதற்கு எளிய விடை தந்தது. அலையியற்றிக்கு அளிக்கும் மின்னழுத்தம் மாறினால் சுரமும் மாறும். ஒரு வோல்ட் உயர்ந்தால் அதிர்வெண் இரு மடங்காகும். அதாவது, கீழ் ஸட்ஜமம் மேல் ஸட்ஜமமாகும்.

ஒரு தாயியைப் பன்னிரண்டு சமப் பங்காகப் பிரித்தால் ஒவ்வொரு பங்குக்கும் ஒரு வோல்ட்டின் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது சுமார் 83 மில்லி வோல்ட் வருகிறது. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு சுரம் தன் அடுத்த சுரமாகப் பிறழ்ந்துவிட 83 மில்லி வோல்ட் மாற்றமே போதும். கேட்கும் செவி அதற்கும் மிகக் குறைந்த பிறழ்ச்சியையே கண்டுபிடித்துவிடும்.

இவ்வாறு சுரம் மின்னழுத்தமாகிவிட்ட பின், சுரத்தைப் பிடித்து வைப்பது என்பது மின்னழுத்தத்தைப் பிடித்து வைப்பதே ஆகும். இசைக்கலைஞர் விசையை அழுத்தியபோது எழுந்த மின்னழுத்தம், விரல் எடுத்த பின்னும் நிலைத்தால்தான் ஒலி சுரம் பிறழாமல் மெல்லத் தேய்ந்து அடங்கும். எனவே, தொடக்ககாலச் சின்தசைசர்களின் விசைப்பலகைக்குள்ளேயே இச்சுற்று ஒளிந்திருந்தது. பின்னர் அதுவே தனியொரு ஒலிவிளைவைத் தரும் உறுப்பாகவும் வெளியே வந்தது. 1971இல் வெளிவந்த ஏ.ஆர்.பி. 2600 என்னும் கருவியில் அது தனிப் பகுதியாகவே இடம்பெற்றது.

சுற்றின் உறுப்புகள்

இச்சுற்றின் உள்ளம் மின்தேக்கி. மின்னூட்டத்தைத் தேக்கி வைப்பதால் அப்பெயர். அதன் முன்னே ஓர் இணைப்பான். பின்னே ஒரு காவலன். இணைப்பான் மூடியிருக்கும்போது உள்ளே வரும் மின்னழுத்தம் எவ்வளவோ அவ்வளவுக்கு மின்தேக்கி நிறைகிறது. இணைப்பான் திறந்ததும் வரவு நின்றுவிடுகிறது. அக்கணத்தின் மின்னழுத்தம் மின்தேக்கியில் தங்கிவிடுகிறது. தங்கியதை நேரடியாக எடுத்துப் பயன்படுத்தினால் அது உடனே வடிந்துவிடும். எனவே, ஏறக்குறைய எதையும் உறிஞ்சாமல் அளவை மட்டும் படித்து வெளியே சொல்லும் செயல்பாட்டுப் பெருக்கி ஒன்று காவலனாக நிற்கிறது.

மேல்நிலை வகுப்பில் பயிலும் ஒரு மாணவி இதை அமைக்க விரும்பினால் பெரும்பொருள் செலவிட வேண்டியதில்லை. சென்னையின் ரிச்சி தெருவில் கிடைக்கும் சில சில்லுகள் போதும். இணைப்பானாக சி.டி.4066 என்னும் சில்லைக் கொள்ளலாம். ஒரு முனைக்கு மின்னழுத்தம் தந்தால் வழி திறந்து குறிப்பலையை உள்ளே விடும் மின்னணு இணைப்பான்கள் நான்கு அதனுள் உள்ளன. செயல்பாட்டுப் பெருக்கியாக சி.ஏ.3140 பொருந்தும். அதன் உள்ளீடு உறிஞ்சும் மின்னோட்டம் மிக மிகக் குறைவு. ஒற்றை 9 வோல்ட் மின்கலத்திலும் அது இயங்கும். உள்ளே வரும் அலைக்கு ஒன்றும் வெளியே செல்லும் அளவுக்கு ஒன்றுமாக அவை இரண்டு வேண்டும். நடுவில் 10 நானோ ஃபாரட் மின்தேக்கி ஒன்று.

இனி, ‘இப்போது பிடி’ என்று கட்டளையிட ஒருவர் வேண்டும். அப்பணியை 555 என்னும் நேரங்காட்டிச் சில்லு செய்யும். நொடிக்கு நான்கு முறை துடிக்குமாறு அதை அமைத்துக்கொள்ளலாம். ஆனால், 555 தரும் துடிப்பு நீளமானது. துடிப்பு நீடிக்கும் காலமெல்லாம் இணைப்பான் மூடியிருந்தால் மின்தேக்கி கணத்தைப் பிடிக்காது. உள்ளே வரும் அலையின் பின்னாலேயே அலைந்துகொண்டிருக்கும். ஆகவே, துடிப்பின் முனையை மட்டும் நறுக்கி எடுக்க வேண்டும். 1 நானோ ஃபாரட் மின்தேக்கி வழியே துடிப்பைச் செலுத்தி, 220 கிலோ ஓம் மின்தடையால் தரையோடு இணைத்தால், சுமார் 100 மைக்ரோ நொடி அளவிலான குறுந்துடிப்பு கிடைக்கும். துடிப்பு இறங்கும்போது தோன்றும் எதிர் முனையைத் தடுக்க அம்மின்தடைக்கு இணையாக ஒரு டையோடு வேண்டும். அவ்வளவே.

தெரிந்து தெளிவோம்
மில்லி என்பது ஆயிரத்தில் ஒரு பங்கு. மைக்ரோ என்பது பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. நானோ என்பது நூறு கோடியில் ஒரு பங்கு. பிகோ என்பது இலட்சம் கோடியில் ஒரு பங்கு.

மறதியின் கணக்கு

கேட்பதற்கு எளிதாக உள்ள இச்சுற்றில் ஒரு சிக்கல் உண்டு. மின்தேக்கியில் தங்கியது என்றும் தங்கியிராது. திறந்திருக்கும் இணைப்பானின் வழியாகவும், காவலனின் உள்ளீட்டு வழியாகவும், மின்தேக்கியின் தட்டுகளுக்கு நடுவே உள்ள காப்புப் பொருளின் வழியாகவும், சுற்றுப்பலகையின் மேற்பரப்பின் வழியாகவும்கூட மின்னூட்டம் கசிகிறது. பற்றவைத்தபின் துடைக்காமல் விட்ட பிசின், விரல் பட்ட வியர்வைத் தடம், மழைக்காலத்து ஈரம் ஆகிய ஒவ்வொன்றும் கசிவைக் கூட்டும்.

கசிவு மொத்தம் 100 பிகோ ஆம்பியர் என்று கொள்வோம். மின்னோட்டத்தை மின்தேக்குத் திறனால் வகுத்தால் நொடிக்கு எவ்வளவு மின்னழுத்தம் குறைகிறது என்பது தெரியும். 10 நானோ ஃபாரட் மின்தேக்கியில் நொடிக்கு 10 மில்லி வோல்ட் குறையும். எனவே, சுமார் 8 நொடிகளில் 83 மில்லி வோல்ட் குறைந்து, பிடித்து வைத்த சுரம் அடுத்த சுரமாக மாறிவிடும். நொடிக்கு நான்கு முறை புதிதாகப் பிடிக்கும் சுற்றில் இது பொருட்டன்று. இரு துடிப்புகளுக்கு இடையே 2.5 மில்லி வோல்ட் மட்டுமே குறையும். அது ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் உள்ள தொலைவில் முப்பதில் ஒரு பங்கைவிடச் சற்றே குறைவு. பத்து நொடிக்கு ஒருமுறை மட்டும் பிடிக்கும் சுற்றில் இதே கசிவு வெளிப்படையாகக் கேட்கும்.

அப்படியானால் பெரிய மின்தேக்கியைப் போட்டுவிட்டால் என்ன என்று தோன்றுவது இயல்பு. 10 நானோவுக்குப் பதிலாக அதைப்போல் நூறு மடங்கான 1 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கியைப் பொருத்தினால் நொடிக்கு 0.1 மில்லி வோல்ட் மட்டுமே குறையும். சுரம் பிறழப் பதினான்கு நிமிடங்களுக்குச் சற்றுக் குறைவாக ஆகும். ஆனால், நிறைவதற்கும் நூறு மடங்கு நேரம் வேண்டும். மூடியிருக்கும் இணைப்பானுக்கும் ஏறத்தாழ 200 ஓம் மின்தடை உண்டு. அத்தடையின் வழியே 10 நானோ ஃபாரட் நிறைய 10 மைக்ரோ நொடி போதும். 1 மைக்ரோ ஃபாரட் நிறைய 1,000 மைக்ரோ நொடி வேண்டும். நம் துடிப்போ 100 மைக்ரோ நொடிதான். பெரிய மின்தேக்கி பாதி வழியிலேயே நின்றுவிடும். பழைய சுரத்துக்கும் புதிய சுரத்துக்கும் நடுவே எங்கோ ஓரிடத்தில் ஒலிக்கும்.

விரைவாகக் கொள்வது விரைவாக இழக்கிறது. மெல்லக் கொள்வது மெல்ல இழக்கிறது. இரண்டுக்கும் இடையே தேவைக்கேற்ற ஓரளவைத் தேர்ந்துகொள்வதே சுற்றமைப்பின் நுட்பம். எந்த மின்தேக்கியை வாங்குவது என்பதும் இத்தேர்வில் அடங்கும். மின்பகு திரவ வகை மின்தேக்கி மிகுதியாகக் கசியும். அது இங்கே பயன்படாது. பாலிபுரொப்பிலீன், பாலிஸ்டைரீன் படலங்களால் ஆனவை சிறந்தவை. மலிவான சில வகைகளுக்கு மற்றொரு குறையும் உண்டு. புதிய மின்னழுத்தத்தை ஏற்ற பின்னும் அவை முந்தைய மின்னழுத்தத்தின் பக்கம் சிறிது சாயும். காப்புப் பொருளில் ஊறிய பழைய மின்னூட்டம் மெல்ல வெளிவருவதே அதற்குக் காரணம்.

படியும் நெளிவும்

இச்சுற்றின் உள்ளே என்ன அலையைச் செலுத்துகிறோமோ அதற்கேற்ப இசை பிறக்கிறது. மெல்ல ஏறிச் சட்டென இறங்கும் ரம்பப்பல் அலையைச் செலுத்துவோம். அலை நொடிக்கு ஒருமுறை ஏறி இறங்க, துடிப்பு நொடிக்கு எட்டு முறை வருமானால், வழுக்கும் சரிவு எட்டுப் படிகளாகிறது. எட்டுச் சுரங்கள் ஏறுவரிசையில் ஒலித்து மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். இரண்டின் வேகமும் இவ்வாறு முழு எண் விகிதத்தில் அமையும்வரை ஒரே கோலம் திரும்பத் திரும்ப வரும். துடிப்பின் வேகத்தைச் சிறிது மாற்றினால் படிகள் ஒவ்வொரு சுற்றிலும் சற்று இடம்பெயரும். கோலம் மெல்ல உருமாறும். ஜக்கார்டு அட்டைக்கோவையில் ஓர் அட்டை கூடினாலோ குறைந்தாலோ கரையின் பூ எவ்வாறு விலகிச் செல்லும் என்பதை அறிந்த ஒருவர்க்கு இது புதிதாகத் தோன்றாது.

ரம்பப்பல் அலைக்குப் பதிலாக வெற்று இரைச்சலைச் செலுத்தினால் கதை வேறு. டிரான்சிஸ்டர் சந்தி ஒன்றில் எழும் இரைச்சலைப் பெருக்கி உள்ளே விட்டால், ஒவ்வொரு துடிப்பிலும் எந்த மின்னழுத்தம் சிக்கும் என்பதை யாராலும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. தாளம் சீராக நடக்கும். சுரமோ தன் விருப்பப்படி தாவும். அறிவியல் புனைவுத் திரைப்படங்களில் கணினி ‘சிந்திக்கும்’ ஓசையாகப் பலகாலம் ஒலித்தது இத்தகைய தாவல்தான்.

தமிழ் இசை மரபில் ஊறிய செவிக்கு இவ்வோசை முதலில் அயலாகவே படும். நம் இசையில் சுரம் என்பது படியன்று. அது நெளிவும் உடையது. ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் வழியில்தான் கமகம் வாழ்கிறது. இராகத்தின் முகமும் அங்கேதான் தெரிகிறது. பிடித்து வைக்கும் சுற்று அவ்வழியைத் துண்டித்து, நிற்கும் இடங்களை மட்டும் தருகிறது. இதற்கும் எளிய மாற்று உண்டு. சுற்றின் வெளியே 1 மெகா ஓம் மின்தடையையும் 100 நானோ ஃபாரட் மின்தேக்கியையும் சேர்த்து, அவற்றின் பின் மற்றொரு காவலனை நிறுத்தினால், ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குத் தாவுவதற்குப் பதிலாக ஒலி வழுக்கிச் செல்லும். அது கமகம் ஆகிவிடாது. கமகத்தில் நெளிவின் வடிவைப் பாடகரின் மனம் முடிவு செய்கிறது. இங்கோ மின்தேக்கி தனக்குத் தெரிந்த ஒரே வளைவையே எப்போதும் வரையும். எனினும் எது இயந்திரத்தால் ஆகும், எது ஆகாது என்பதைச் செவியால் உணர்வதற்கு இச்சோதனையே நல்ல ஆசான்.

அகமதாபாத்தில் ஒரு மூக்

இத்தகைய கருவிகள் அயல்நாட்டுக்கே உரியவை, இந்தியாவுக்குப் பிற்காலத்தில் வந்தவை என்று எண்ணுவோர் பலர். உண்மை வேறு. அகமதாபாத்தில் காலிகோ நெசவாலையை நடத்திய சாராபாய் குடும்பத்தில் பிறந்தவர் கீதா சாராபாய். மிருதங்கத்தை ஒத்த பக்காவஜை முறையாகப் பயின்றவர். 1946இல் நியூயார்க் சென்ற அவர், ஜான் கேஜ் என்னும் அமெரிக்க இசையமைப்பாளரிடம் மேலையிசையைக் கற்றார். அவருக்கு இந்திய இசையைக் கற்பித்தார். அவர்தம் உடன்பிறந்தோரான கௌதம் சாராபாயும் கிரா சாராபாயும் 1961இல் அகமதாபாத்தில் தோன்றிய தேசிய வடிவமைப்பு நிறுவனத்தை வழிநடத்தினர். விண்வெளி ஆய்வின் முன்னோடியான விக்ரம் சாராபாயும் இவர்களுடன் பிறந்தவரே.

கேஜின் நெடுநாள் தோழரும் பியானோ கலைஞருமான டேவிட் டியூடர் 1969இல் அந்நிறுவனத்துக்கு வந்தார். மூக் சின்தசைசர் ஒன்றைக்கொண்டு அங்கே மின்னணு இசைக்கூடம் அமைக்கப்பட்டது. கீதா சாராபாய், அதுல் தேசாய், ஐ.எஸ். மாத்தூர், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் அதில் இசை அமைத்தனர். மேலைநாட்டின் பல பல்கலைக்கழகங்களே இக்கருவியைக் காணாதிருந்த காலம் அது. நெசவாலைகளின் நகரில் ஒலியை மின்னழுத்தமாக நெய்யும் முயற்சி நடந்தது.

சில ஆண்டுகளே அது நீடித்தது. 1970களின் தொடக்கத்திலேயே இசைக்கூடத்தின் பணி ஓய்ந்தது. ஒலிநாடாக்கள் நிறுவனத்தின் காப்பகத்தில் தங்கின. அங்கே பயின்ற முறை அடுத்த தலைமுறைக்குக் கைமாறவில்லை; நாட்டின் பிற இசைக்கல்லூரிகளுக்கும் பரவவில்லை. 1980களில் சென்னையின் திரையிசைக் கூடங்களில் சின்தசைசர் பெருமளவில் ஒலிக்கத் தொடங்கியபோது, அது ஜப்பானிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் முழுமையாக மூடிய பெட்டியாக வந்தது. இளையராஜாவும் ஏ.ஆர். ரகுமானும் அப்பெட்டியிலிருந்து வியத்தகு இசையை எழுப்பினர். எனினும், பெட்டிக்குள் என்ன நிகழ்கிறது என்பதைக் கற்பிக்கும் இடம் நம்மிடையே அரிதாகவே இருந்தது.

அகமதாபாத்தின் ஒலிநாடாக்களைப் பிரித்தானியக் கலைஞர் பால் பர்கஸ் 2017ஆம் ஆண்டளவில் காப்பகத்தில் கண்டெடுத்தார். அவர் முயற்சியால் அவை தூய்மையாக்கப்பட்டு, 2023இல் இசைத்தொகுப்பாக வெளிவந்தன. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின் அவை மீண்டும் கேட்கப்பட்டன. ஒலி பிழைத்தது. அதை உருவாக்கிய கூடமும் அதன் அன்றாடப் பயிற்சியும் பிழைக்கவில்லை.

மீண்டும் மீண்டும் எடுத்தல்

பிடித்து வைத்தல் ஒருமுறை செய்து முடிக்கும் செயலன்று என்பதற்குக் கணினியே சான்று. கணினியின் தற்காலிக நினைவகத்தில் ஒவ்வொரு துணுக்குச் செய்தியும் மிகச் சிறிய மின்தேக்கி ஒன்றில் மின்னூட்டமாகவே தங்கியிருக்கிறது. அதுவும் கசியும். ஆகவே, பொதுவாக 64 மில்லி நொடிக்குள் ஒருமுறை ஒவ்வொரு மின்தேக்கியையும் படித்து, அதில் இருந்ததை அதிலேயே திரும்ப எழுதுகின்றனர். நினைவகம் நினைவில் வைத்திருப்பது பெரிய மின்தேக்கியால் அன்று, இடைவிடாமல் புதுப்பிப்பதால்.

கைபேசியில் பேசும்போதும் இதே முறைதான் இயங்குகிறது. குரலை எண்களாக மாற்றும் சில்லு, குரலின் மின்னழுத்தத்தை ஒரு கணம் பிடித்து வைத்து, அது அசையாமல் நிற்கும் நேரத்தில் அளந்து எண்ணாக்குகிறது. வழக்கமான தொலைபேசியில் இது நொடிக்கு 8,000 முறை நிகழ்கிறது. இசைக்குறுந்தகட்டில் நொடிக்கு 44,100 முறை. பிடித்து வைக்காமல் அளக்க முயன்றால், அளந்து முடிப்பதற்குள் குரல் வேறாகியிருக்கும். ரிச்சி தெருச் சில்லுகளால் ஒரு மாணவி அமைக்கும் சுற்றும் கோடிக்கணக்கான கைபேசிகளுக்குள் இருக்கும் சுற்றும் தத்துவத்தில் ஒன்றே.

பெட்டியைத் திறந்து பார்த்தவர்களால் என்ன ஆகும் என்பதற்கும் எடுத்துக்காட்டு உண்டு. பெங்களூருவைச் சேர்ந்த ஜி. ராஜ் நாராயண் பொறியாளர், புல்லாங்குழல் கலைஞரும்கூட. தம்புராவைச் சுமந்து செல்வதிலும் சுருதி சேர்ப்பதிலும் கலைஞர்க்கு உள்ள தொல்லையை அவர் அறிந்திருந்தார். 1970களின் இறுதியில் அவர் மின்னணுத் தம்புராவை உருவாக்கினார். இன்று சின்னஞ்சிறு ஊர்களின் பாட்டு வகுப்புகளிலும் அத்தகைய கருவி சுருதி கூட்டுகிறது. நம் இசைக்கு என்ன தேவை என்பதை அறிந்த செவியும் சுற்றை அமைக்கத் தெரிந்த கையும் ஒருவரிடமே சேர்ந்திருந்ததால் அது நிகழ்ந்தது.

ஆரணியிலும் வந்தவாசியிலும் இன்று தறியைவிட்டு வேறு பணி தேடிச் செல்லும் இளையோர் பலர். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. உழைப்புக்கேற்ற கூலி இல்லாத தொழிலில் எவரையும் கட்டி வைக்க இயலாது. தறிகளிலும் துளையட்டைகளின் இடத்தை மின்னணு ஜக்கார்டு பிடித்து வருகிறது. அதனுள் இருப்பதும் சுற்றுகளே. அவற்றைப் பழுது பார்க்கவும் மாற்றி அமைக்கவும் யார் அறிந்திருப்பர் என்பதே வினா. இழையின் இழுவிசையைத் தொட்டறிந்த பெற்றோரின் பிள்ளைகள் அதை அறிந்துகொண்டால், தறியின் அறிவு அறுபடாமல் புதிய உருவில் தொடரும். அவர்கள் அறியாவிடில், பெட்டி வெளியிலிருந்து வரும். பழுதுற்றால் வெளியூருக்கே திரும்பிச் செல்லும்.

இரண்டு பெருக்கிகள், ஓர் இணைப்பான், ஒரு நேரங்காட்டி, சில மின்தேக்கிகள், சில மின்தடைகள். இவற்றைச் சுற்றுப்பலகையில் பொருத்திச் செவியால் சோதிக்க ஒரு விடுமுறை நாள் போதும். முதல் முயற்சியில் சுரம் பிறழும். எங்கே கசிகிறது என்று தேட வேண்டியிருக்கும். பலகையைத் துடைத்து, மின்தேக்கியை மாற்றி, துடிப்பை நீட்டிக் குறுக்கிப் பார்க்க வேண்டியிருக்கும். அத்தேடலில் கிடைப்பதுதான் கல்வி. நூல் அதைக் குறித்து வைக்கலாம். காப்பகம் அதைக் காத்து வைக்கலாம். கற்றவர் ஒருவர் மற்றொருவர்க்குச் செய்து காட்டும் ஒவ்வொரு முறையும் அது புதிதாக எழுதப்படுகிறது. அகமதாபாத்தின் இசைக்கூடத்தில் நின்றுபோனது அதுவே. அதைத் தொடங்க இன்று பெருநகரமோ பெருநிறுவனமோ தேவையில்லை. ஒரு பள்ளியின் இயற்பியல் ஆய்வகத்தில் ஒரு மேசை போதும்.